மருந்து விலையும் ஒரு சட்டப் பிரிவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசின் கொள்கைகளைத் தீர்மானிப்பவை அங்குள்ள தொலைக்காட்சிகளும் நாளிதழ்களுமே என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். பெருநிறுவனங்களின் லாபிதான், அதாவது தங்களுக்குச் சாதகமாகச் சட்டங்கள் அமைய அரசியல்வாதிகளிடம் காரியம் சாதிக்கும் அமைப்புகள்தான், எல்லாவற்றையும் நடத்துகிறது என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

இரண்டுக்கும் வலிமை உண்டு, ஆனால் அவை வெளிப்படும் இடங்கள் வேறு. ஒரு மசோதா வேண்டுமா வேண்டாமா என்று நாடே விவாதிக்கும்போது ஊடகத்தின் கை ஓங்குகிறது. அம்மசோதாவின் உட்பிரிவுகள் எழுதப்படும்போது லாபியின் கை ஓங்குகிறது. மருத்துவத் துறையில் இதைத் தெளிவாகக் காணலாம்.

1993இல் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற திட்டத்தை அதிபர் பில் கிளிண்டன் முன்வைத்தபோது, காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் ஹாரி, லூயிஸ் என்ற நடுத்தர வர்க்கத் தம்பதி அத்திட்டத்தைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொள்ளும் விளம்பரங்களை வெளியிட்டது. செய்தி நிறுவனங்கள் அந்த விளம்பரங்களையே செய்தியாக்கின. அதிபரின் மனைவி ஹிலாரி கிளிண்டன் அவற்றை வெளிப்படையாகச் சாடியது மேலும் விளம்பரமாயிற்று. 1,300 பக்கங்களைத் தாண்டிய மசோதாவும், ஜனநாயகக் கட்சிக்குள் இருந்த பிளவும் தோல்விக்குக் காரணங்கள் என்றாலும், மக்களின் தயக்கத்துக்கு ஒரு முகம் கொடுத்தவர்கள் அந்தத் தம்பதிதான். 1994 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது 2003இல் நடந்ததை. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் மருந்துச் செலவையும் சேர்க்கும் சட்டம், வாக்கெடுப்பை விடியற்காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீட்டித்து வைத்திருந்த பிறகு, 220க்கு 215 என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அந்த இரவின் நாடகம் நல்ல செய்தியாயிற்று. ஆனால், மருந்து நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையிலான விலைப் பேரத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற பிரிவு அதே சட்டத்துக்குள் இருந்தது. கோடிக்கணக்கான முதியோருக்காகப் பணம் தரும் அரசு விலை பேசக் கூடாது என்பது, எந்த மளிகைக் கடைக்காரரும் ஏற்காத நிபந்தனை. அச்சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய, பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றின் தலைவர் பில்லி டாசின், 2005இல் மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரானார். இது சட்ட விரோதமல்ல. ஊடகங்கள் இதை மறைக்கவும் இல்லை. கண்டனங்கள் வந்தன, பிரிவு அப்படியே இருந்தது.

2009இல் ஒபாமாவின் காப்பீட்டுச் சீர்திருத்தம் வந்தபோது மருந்துச் சங்கம் எதிர்க்கவில்லை. பத்தாண்டுகளில் 8,000 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுப்பதாக வெள்ளை மாளிகையோடு உடன்பாடு செய்துகொண்டு, சீர்திருத்தத்தை ஆதரிக்கும் விளம்பரங்களுக்குப் பணம் கொடுத்தது. அவற்றுள் ஒன்றில் தோன்றியவர்கள், வேடிக்கைதான், அதே ஹாரியும் லூயிஸும். விலை பேசும் அதிகாரம் அப்போதும் அரசுக்குக் கிடைக்கவில்லை.

2022 ஆகஸ்டில் வந்த சட்டமே அதற்கு வழிவிட்டது, அதுவும் குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும். பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் விலை நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது 2026 ஜனவரி 1.