லினக்ஸ் மீட்டிங்குக்கு வெறுங்கையோட போகாதீங்க

கடிதம்:

அண்ணா வணக்கம். திண்டிவனம் பக்கம் டைப்பிங், டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கடைல ரெண்டு சிஸ்டம், ரெண்டும் பழசு, விண்டோஸ் 10. இனிமே அப்டேட் வராதுங்கறாங்க, 11 போடலாம்னு பாத்தா உங்க சிஸ்டத்துக்கு ஆகாதுன்னு மெசேஜ் வருது. சரி விண்டோஸுக்கு பதிலா சும்மா கிடைக்கற லினக்ஸ் போடலாம்னு, பக்கத்து டவுன்ல நடந்த லினக்ஸ் யூசர்ஸ் குரூப் மீட்டிங்குக்கு ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு போனேன். எல்லாம் காலேஜ் பசங்க, ஐடி ஆளுங்க. ஒருத்தர் கர்னல், கன்டெய்னர்னு ஸ்லைடு போட்டார், அப்புறம் டெபியன் நல்லதா ஆர்ச் நல்லதான்னு ஒரே சண்டை, ரெண்டும் லினக்ஸ்லயே ரெண்டு வகையாம். எனக்கு ஒண்ணும் ஏறல. எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே, இப்பவும் இந்த மாதிரி கூட்டமெல்லாம் எதுக்குண்ணா? (பேர் போடாதீங்க.)

பதில்:

வணக்கம். ஞாயித்துக்கிழமை யாவாரத்த விட்டுட்டு போனவருக்கு கோவம் வரத்தான் செய்யும். டெபியன் ஆர்ச் சண்டைய கண்டுக்காதீங்க, அது எல்லா ஊர்லயும் உண்டு, அவங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

ஆனா ஒண்ணு கேக்கறேன், போகும்போது சிஸ்டத்த தூக்கிட்டு போனீங்களா? லெட்டர்ல அதப் பத்தி பேச்சே இல்ல, அதனால வெறுங்கையோடதான் போயிருப்பீங்கன்னு நெனைக்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா மெக்கானிக் கடைக்கு வண்டியத் தள்ளிட்டுதானே போறோம். ஸ்லைடு ஷோ ஒரு சாக்கு, அது முடிஞ்சு ஒரு மூலைல யாரோட லேப்டாப்பையோ சுத்தி நாலு பேர் நின்னு "இப்ப ரீஸ்டார்ட் பண்ணு, எஃப்12 அமுக்கு, இல்லல்ல எஃப்2"ன்னு கத்திக்கிட்டு இருப்பாங்க பாருங்க, மீட்டிங்னா எனக்கு அதுதான்.

யூடியூப்ல எல்லாம் இருக்குங்கறது உண்மைதான், ஆனா அங்க இருக்கறது வீடியோ போட்டவரோட மெஷின். உங்க மெஷின்ல பென்ட்ரைவ்ல இருந்து பூட் ஆகாம போனா அது செக்யூர் பூட்டாலயா (தெரியாத சாப்ட்வேர் பூட் ஆகாம தடுக்கற செட்டிங்), பென்ட்ரைவ் சரியா எழுதலயா, எது காரணம்னு வீடியோக்கு எப்படி தெரியும்? விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப (ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ முழுசா மூடாம வைக்கற வசதி) ஆஃப் பண்ணாம விட்டா விண்டோஸ் இருக்கற டிரைவ லினக்ஸ்ல இருந்து படிக்க முடியும், எழுத விடாது, புதுசா வர்றவங்க பாதிப்பேர் முழிக்கிற எடம் இது. டிஸ்க்கப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா அதோட 48 இலக்க ரெக்கவரி கீய முதல்ல எழுதி வச்சுக்கணும், பார்ட்டிஷன்ல கை வைக்கறதெல்லாம் அப்புறம்தான். இதெல்லாம் பக்கத்துல நின்னு ஸ்கிரீனப் பாக்கற ஆள் ரெண்டு நிமிஷத்துல சொல்லிருவான். வீட்ல தனியா உக்காந்தா ராத்திரி முழுக்க ஆகும், கூடவே டிஸ்க்க அழிச்சுருவோமோன்னு பயம் வேற.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1975 மார்ச்ல கலிபோர்னியால மென்லோ பார்க்ல ஒரு வீட்டு கார் ஷெட்லதான் ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் முதல்தடவ கூடுச்சு. அங்க அப்ப வந்த ஆல்டேர்ங்கற கம்ப்யூட்டரோட பேசிக் புரோகிராம ஒருத்தருக்கொருத்தர் காப்பி பண்ணி குடுத்துக்கிட்டாங்க, அத எழுதின பில் கேட்ஸ் கடுப்பாகி 1976ல ஹாபியிஸ்டுகளுக்கு, அதாவது ஆசைக்கு கம்ப்யூட்டர் நோண்டறவங்களுக்கு, ஒரு பகிரங்க கடிதமே போட்டார், நீங்கள்ல நெறையப் பேர் திருடறீங்கன்னு. அவர் பக்கத்துல பாத்தா நியாயம்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல ஆரம்பிச்ச லினக்ஸ அடுத்த வருஷமே ஜிபிஎல் லைசென்ஸுக்கு மாத்தினார், அதுல அதே காப்பி பண்றது எல்லாரோட உரிமையாவே ஆயிருச்சு, காப்பி பண்ணு, மாத்து, அடுத்தவனுக்கு குடு, குடுக்கும்போது இதே உரிமையயும் சேத்து குடுன்னு. அதனாலதான் இந்த குரூப்ல பென்ட்ரைவ் கைமாறும்போது யாரும் அக்கம்பக்கம் பாக்கறதில்ல. உங்க கடைல இருக்கற விண்டோஸ் எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம்.

முன்னாடி நெட் ஸ்லோவா இருந்தப்ப சிடிக்காகவே மீட்டிங் போனவங்க உண்டு. உபுண்டுகாரங்க கேட்டவங்களுக்கெல்லாம் தபால்ல சிடி சும்மாவே அனுப்பிட்டு இருந்தாங்க, 2011ல நிறுத்திட்டாங்க. இப்ப டவுன்லோட் ஒரு மேட்டரே இல்ல, ஆள்தான் வேணும்.

இப்ப உங்க கடைக்கு வரேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, 11 வேணும்னா டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் வேணும், ப்ராசஸரும் ஓரளவு புதுசா இருக்கணும், அதான் உங்களுக்கு அந்த மெசேஜ். ஆனா ரெண்டு சிஸ்டத்தயும் மாத்தாதீங்க, இத லினக்ஸ்காரன் நானே சொல்றேன். கல்யாணப் பத்திரிகை, பேனர் எல்லாம் கோரல் டிராவுலயும் பேஜ்மேக்கர்லயும் வானவில், பாமினி ஃபான்ட்லயும் பண்ற மெஷின் அப்படியே இருக்கட்டும், நெட்ட மட்டும் புடுங்கிருங்க. பேஜ்மேக்கர் ஃபைல லினக்ஸ்ல இருக்கற லிப்ரே ஆபீஸ் திறக்கத்தான் செய்யும், ஆனா முகூர்த்த சீசன்ல அத நம்பி ஆர்டர் எடுக்காதீங்க. பட்டா, வில்லங்கம், ஆன்லைன் அப்ளிகேஷன்னு பிரவுசர்லயே ஓடற மெஷின் ஒண்ணு இருக்கும்ல, அதுல மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்க, பழைய மெஷினுக்கு ஏத்த லேசான லினக்ஸ் வகை அது. 4 ஜிபி ரேம் இருந்தா தாராளம். யூனிகோட் தமிழ் அடிக்க ஐபஸ்ங்கற டைப்பிங் டூல்ல தமிழ்99 கீபோர்டு இருக்கு, ஃபோனெடிக்கும் இருக்கு.

பிரிண்டர்தான் உங்களுக்கு தலவலி. எச்பின்னா எச்பிலிப்னு ஓப்பன் சோர்ஸ் டிரைவரே இருக்கு, பெரும்பாலும் சொருகினா ஓடும். ஆனா நம்மூர் ஜெராக்ஸ் கடைங்கள்ல ஒரு சின்ன லேசர் பிரிண்டர் வச்சிருப்பாங்களே, அதுமாதிரி சிலது லினக்ஸ்ல பாடாப் படுத்தும். அதனால முதல்ல இன்ஸ்டாலே பண்ணாதீங்க, டிஸ்க்ல எதையும் தொடாம பென்ட்ரைவ்ல இருந்தே லைவா ஓட்டி ஒரு டெஸ்ட் பேஜ் அடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

குரூப் நடத்தற தம்பிங்க யாராவது இதப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கடைக்காரர் கடைய மூடிட்டு வந்து கடைசி பெஞ்ச்ல உக்காந்திருக்கார், அவர்கிட்ட ஒருத்தர்கூட "என்னண்ணே வேணும், எதுக்கு வந்தீங்க"ன்னு கேக்கலன்னா அது ரொம்பத் தப்புப்பா. கன்டெய்னர் பத்தி பேசுங்க, வேணாங்கல, ஆனா முதல் ஒரு மணி நேரம் ரெண்டு டேபிளயும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸயும் போட்டு மெஷின் கொண்டு வர்றவங்களுக்குன்னு ஒதுக்குங்க.

விழுப்புரத்துலயே ஒரு லினக்ஸ் குரூப் நல்லா ஓடிட்டு இருக்கு, உங்களுக்கு அது கிட்டதான். காஞ்சிபுரம் குரூப் ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல கூடுவாங்க, தமிழ்லயே பேசலாம். போறதுக்கு முன்னாடி பிரிண்டர் மாடல் நம்பர், ரேம் எவ்வளவு, ப்ராசஸர் எது, கடைல தினம் தொறக்கற சாப்ட்வேர் என்னென்ன, இத ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க. பில்லு, போட்டோ, கஸ்டமர் ஃபைல் எல்லாத்தயும் வேற ஒரு ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுத்து அத கடைலயே வச்சுட்டு சிபியுவ மட்டும் தூக்கிட்டு போங்க. மானிட்டர் அங்க இருக்கான்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்குங்க.