ரொம்ப விரும்பிப் பார்த்து, பிறகு எழுத்து கெட்டுப்போச்சேன்னு உங்களுக்குக் கோபம் வந்த க்ரைம் சீரிஸ் எது?

டெக்ஸ்டர். இதுக்கு நான் யோசிக்கவே தேவையில்ல. முடிவு வரைக்கும் கதையச் சொல்லப் போறேன், அதனால இன்னும் பார்க்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

கேள்விப்படாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். மியாமி போலீஸ்ல ரத்தக்கறைய வச்சு கொலை எப்படி நடந்திருக்கும்னு கண்டுபிடிச்சுச் சொல்றவன்தான் டெக்ஸ்டர் மோர்கன், ராத்திரியானா அவனே கொலைகாரன், ஆனா வளர்த்த அப்பா ஹாரி போட்டுக்குடுத்த சட்டம் ஒண்ணு இருக்கு, தண்டனைல இருந்து தப்பிச்ச கொலைகாரனுங்கள மட்டும்தான் தொடணும், எந்தக் காரணத்துக்காகவும் மாட்டிக்கக் கூடாது. 2006ல ஷோடைம் சேனல்ல ஆரம்பிச்சு 2013 செப்டம்பர்ல முடிஞ்சிச்சு, எட்டு சீசன், 96 எபிசோட். பிறகு 2021ல நியூ பிளட், 2025ல ரெசரெக்ஷன்னு திரும்பத் திரும்பக் கொண்டு வர்றாங்க.

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் எங்க செட்டுல இது பென்டிரைவ்ல கை மாறி கை மாறி வந்த சீரிஸ். எங்க அக்காவும் நானும் சேர்ந்துதான் பாப்போம். அக்காவுக்கு டெக்ஸ்டர விட அவன் தங்கச்சி டெப் மேலதான் உசுரு, அவ வர்ற ஒவ்வொரு சீனுக்கும் "பாவம்டா தம்பி, இவளுக்கு மட்டும் உண்மை தெரிஞ்சா என்னாகுறது"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பயத்தத்தான் அந்த எழுத்து நமக்குள்ள உண்டாக்குனுச்சு.

நல்லா இருந்தப்போ அது எப்படி எழுதப்பட்டுச்சுன்னு சொன்னாதான் என் கோபம் புரியும். நாலாவது சீசன எடுத்துக்கோங்க. டிரினிட்டி கொலைகாரன், பேரு ஆர்தர் மிட்செல், சர்ச்சுல மரியாதையான ஆளு, பொண்டாட்டி புள்ளைங்களோட வாழ்றான், முப்பது வருஷமா மாட்டாம கொல பண்ணிக்கிட்டு இருக்கான். டெக்ஸ்டர் அவன சீக்கிரமே கண்டுபிடிச்சிர்றான், கொன்னிருக்கலாம், ஆனா கொல்லல. குடும்பத்தையும் வச்சுக்கிட்டு இதையும் எப்படிச் செய்றான்னு அவன்கிட்ட கத்துக்கணும்னு ஒரு ஆசை. போலீஸ் கிட்ட வந்தாலும் அவனே அவங்கள வேற பக்கம் திருப்பி விடுறான். அந்த ஆசைக்கு விலை என்ன? கடைசி எபிசோட்ல வீட்டுக்கு வர்றான், மனைவி ரீட்டா குளியல் தொட்டில செத்துக் கிடக்குறா, கைக்குழந்த ஹாரிசன் தரையில ரத்தத்துல உக்காந்து அழுவுறான். சின்ன வயசுல டெக்ஸ்டர் தன் அம்மாவோட ரத்தத்துல உக்காந்திருந்தான்ல, அதே மாதிரி. அன்னைக்கு நானும் அக்காவும் ரொம்ப நேரம் எதுவுமே கதைக்கல. ஜான் லித்கோவுக்கு அந்த வேஷத்துக்காக எம்மி விருது கிடைச்சுச்சு, கிடைக்காட்டிதான் அநியாயம். ஆனா அந்த அதிர்ச்சிக்கு நடிப்பு மட்டும் காரணமில்ல, ஹீரோ தானா எடுத்த முடிவுக்குத் தானே விலை குடுத்தான், அதுதான் காரணம்.

அந்த சீசனோட ஷோரன்னர், அதாவது எழுத்துக்குத் தலைமையா இருந்தவரு, கிளைட் ஃபிலிப்ஸ் விலகிட்டாரு. அதுக்குப் பிறகு விலையே இல்லாமப் போச்சு.

டெக்ஸ்டர் எப்படி மாட்டாம இருக்கான்? முதல்ல அவன் புத்திசாலியா இருந்ததால மாட்டல, பிறகு சுத்தி இருக்கிறவங்கள எல்லாம் எழுதுறவங்க முட்டாளாக்கிட்டதால மாட்டல. டெக்ஸ்டர் கூட வேலை செஞ்ச சார்ஜன்ட் டோக்ஸ ஞாபகம் இருக்கா? ஒரு ஆதாரமும் இல்லாம ஆள் முழியப் பார்த்தே இவன்கிட்ட என்னமோ இருக்குன்னு மோப்பம் புடிச்சவரு. ரெண்டாவது சீசன்ல அவர கூண்டுல அடைச்சு வச்சிட்டு கொல்றதா விடுறதான்னு டெக்ஸ்டர் தவிக்கிறப்போ, டெக்ஸ்டர் மேல வெறியா இருந்த காதலி லைலா வந்து அவரக் கொன்னு அவனுக்கு அந்த முடிவெடுக்கிற வேலையே இல்லாமப் பண்ணிருவா. அப்ப அது எனக்குப் பெருசா தெரியல, ஏன்னா லைலா அப்படிச் செய்யக்கூடியவதான்னு முன்னாடியே காட்டியிருந்தாங்க. ஆனா அந்தக் குறுக்கு வழிதான் பிறகு பழக்கமாவே ஆயிருச்சு. அஞ்சாவது சீசன்ல அதே போலீஸ்ல டிடெக்டிவா இருக்கிற குவின் சந்தேகப்படுறான், அவன் வேவு பாக்க வச்ச ஆளு செத்தே போறான், அதோட அந்தச் சந்தேகமும் காணாமப் போயிருது. ஆறாவது சீசன்ல வில்லனா காட்டுன பேராசிரியர் கெல்லர் உயிரோடவே இல்லங்கிற ட்விஸ்ட்ட ஒன்பதாவது எபிசோட் வரைக்கும் இழுத்தாங்க, அக்கா பாதிலயே "அந்தாள வேற யாருமே பாக்குறதில்லையேடா"ன்னு கேட்டுட்டாங்க.

எட்டாவது சீசன்ல டெக்ஸ்டர் போலீஸ் பிடியில இருக்கிற ஒருத்தன, கேமரா ஓடிக்கிட்டு இருக்கிற ரூமுக்குள்ள, பேனாவால குத்திக் கொல்றான். அந்த வீடியோவ கூட வேலை செய்ற பட்டிஸ்டாவும் குவினும் உக்காந்து பார்த்துட்டு தற்காப்புதான்னு அனுப்பி வச்சிர்றாங்க. விஷம் வச்சு கொன்னவன்னு தேடப்படுற டெக்ஸ்டரோட காதலி ஹன்னா மியாமிலயே நடமாடுறா. கேப்டன் லகுவெர்ட்டா செத்ததுக்கு ஞாபகார்த்தமா ஒரு பெஞ்ச் போடுறாங்க, டெப்ப கொஞ்ச நாள் உடைச்சுப் போட்டதோட சரி, அந்தச் சாவு கதைய அதுக்கு மேல அசைக்கல.

எங்க பக்கம் கொழுந்து கொறைஞ்ச நாள்ல கிலோ காட்டணுமேன்னு முத்தின இலையையும் சேர்த்துப் பறிச்சுப் போடுவாங்க, நிறுவைல எடை வந்துரும், ஆனா தேத்தண்ணில தெரிஞ்சிரும். கடைசி சீசன்ல டெக்ஸ்டரோட லேப்ல வேலை செய்ற மசூக்காவுக்குத் திடீர்னு ஒரு மகள் வந்தது அந்த மாதிரி எடைக்குப் போட்டதுதான்.

இத்தன சீசன் போனா எந்தக் கதையும் தேயத்தானே செய்யும்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஏழாவது சீசனோட ஆரம்பத்தப் பாருங்க, டெப்புக்கு அண்ணன் யாருன்னு தெரிஞ்சிருச்சு, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள இருந்துகிட்டு மூச்சு விடக்கூட முடியாம நிக்கிறாங்க, லகுவெர்ட்டா ஒரு ரத்தக் கண்ணாடிச் சில்ல வச்சு மெல்ல மெல்ல நெருங்குறா. அவ்வளவு நாளைக்குப் பிறகும் கதை உசுரோடதான் இருந்துச்சு, எழுதுறவங்கதான் அதோட கடைசி வரைக்கும் போகப் பயந்துட்டாங்க. பழைய ஆளு இருந்திருந்தா சரியா வந்திருக்கும்னும் என்னால முழுசா சொல்ல முடியல, ஏன்னா நியூ பிளட்டுக்கு ஃபிலிப்ஸே திரும்பி வந்தாரு, அதுல போலீஸ் தலைவியா வர்ற ஏஞ்சலா கெட்டமைன் ஊசிய வச்சு டெக்ஸ்டர கண்டுபிடிக்கிறா, ஆனா மியாமில ஆளுங்கள மயக்க அவன் பாவிச்சது எம்99ங்கிற வேற மருந்து. சொந்தக் கதையையே திரும்பிப் பாக்கல.

ஆனா எனக்கு ஆறாத ஒண்ணு டெப்போட முடிவுதான். சுட்டாங்க, ஆபரேஷன்ல ரத்தக்கட்டி, மூளை செயலிழந்துருச்சு, டெக்ஸ்டர் மெஷின நிறுத்துறான். அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. புயல் நேரத்துல ஆஸ்பத்திரில இருந்து அவ உடம்பத் தூக்கிட்டு போறான், ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல, படகுல கொண்டுபோய் கடல்ல விட்டுர்றான். அதே படகு, அவன் கொன்னவனுங்களத் துண்டு துண்டா போட்ட அதே கடல். எங்க தோட்டத்துல ஒரு சாவுன்னா அன்னைக்கு வேலைக்குப் போக மாட்டாங்க, தப்பு மேளச் சத்தம் கேட்டு பக்கத்து டிவிஷன்ல இருந்தெல்லாம் வருவாங்க, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அந்த வீட்டத் தனியா விட மாட்டாங்க. எட்டு சீசன் அந்தக் கதையத் தூக்கி நிறுத்துன பொண்ணுக்கு அழுவுறதுக்குக்கூட ஒருத்தர நிக்க வைக்கல. குவின் அவளக் காதலிச்சவன், பட்டிஸ்டா கூடவே வேலை செஞ்சவரு, அவங்களுக்கு ஒரு சீன் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? டெக்ஸ்டர் மட்டும் தாடி வளர்த்துக்கிட்டு எங்கயோ மரம் வெட்டப் போயிட்டான். அக்கா அதோட எந்திரிச்சுப் போனவங்கதான், புது சீரிஸ் எதையும் பாக்க வரவே மாட்டேன்னுட்டாங்க.

புதுசா பாக்க நினைக்கிறவங்களுக்கு: முதல் நாலு சீசன கண்டிப்பா பாருங்க, குறிப்பா முதலாவதும் நாலாவதும். ரீட்டா சாகுற எபிசோட்டோட நிறுத்திக்கோங்க. டெப்ப விட மனசு வரலன்னா ஏழாவதோட முதல் சில எபிசோட் மட்டும் பாருங்க, எட்டாவதத் தொடாதீங்க.