மூத்தவளின் பாட நேரத்தை முதலில் எழுதுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்:

"எங்களுக்கு ஆறு பிள்ளைகள். மூத்தவளுக்கு 14 வயது. அடுத்த நான்கு பேருக்கு 11, 9, 7, 4. கைக்குழந்தைக்கு எட்டு மாதம். மூன்று வருடமாகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். 'பிள்ளைகளைக் கெடுக்கிறாய்' என்று தினம் ஒரு பேச்சு. காலை ஜெபமும் டிபனும் முடியவே பத்தரை ஆகிவிடுகிறது. ஒருவனை உட்கார வைத்தால் மற்றவன் எழுந்து ஓடுகிறான். மூத்தவள் இல்லையென்றால் வீடு ஓடாது. ஆனால் அவள் புத்தகத்தைத் தொட்டு ஒரு வாரம் ஆகிறது. அமெரிக்காவில் எட்டு, பத்துப் பிள்ளைகளை வைத்து ஹோம்ஸ்கூல் நடத்தும் ஒரு குடும்பத்தின் டைம்டேபிளைப் பார்த்து எழுதிச் சுவரில் ஒட்டினேன். நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. எங்களுக்கு ஏற்ற டைம்டேபிள் ஒன்று தாருங்கள். பத்தாவது சான்றிதழுக்கு என்ன வழி?"

சகோதரி, டைம்டேபிள் பிறகு வரட்டும். 'மூத்தவள் இல்லையென்றால் வீடு ஓடாது' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் பதில் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரோடு பல வருடமாகப் பேசி வருகிறேன். பெரிய குடும்பங்களில் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் படிப்பு நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. சமையலும் கைக்குழந்தையும் மெல்ல மெல்ல மூத்த பெண்ணின் தலையில் இறங்கி, அவள் படிப்பு நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன். அதே வயதுப் பையன் மூத்தவனாக இருந்தால் அவனை யாரும் அடுப்படிக்குக் கூப்பிடுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெண் பிள்ளை வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 14 வயதில் ஒரு சாம்பார் வைக்கத் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் சாம்பார் வைத்து இறக்கினால் அந்த வேலை முடிந்தது. 'பாப்பாவைப் பார்த்துக்கோ' என்றால் அதற்கு முடிவே கிடையாது. ஆகவே அவளுக்கு முடிவுள்ள வேலையாக ஒன்றோ இரண்டோ கொடுங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் அவளுடையது. அந்த நேரத்தில் பால் பொங்கினாலும் அவள் பெயரைக் கூப்பிடக் கூடாது. முடிந்தால் அத்தையின், அதாவது உங்கள் மாமியாரின், அறையில் தாழ்ப்பாள் போட்டு உட்காரட்டும். வாரத்தில் ஒரு நாள் நூலகத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் எல்லோருடைய நேரமும் இந்த மூன்று மணி நேரத்தைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

அப்புறம் அந்த அமெரிக்க டைம்டேபிள். அந்த வீட்டில் பாத்திரத்தையும் துணியையும் மெஷின் பார்த்துக்கொள்ளும், காலை உணவு பாலில் போட்ட தானியம். நம் வீட்டில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்க வேண்டும், ஈடு ஈடாக இட்லி எடுக்க வேண்டும். அதோடு அப்பாவுக்கு ஷிப்ட் மாறுகிறது. ஷிப்ட் மாறும் வீட்டில் மணிக்கணக்கு நிற்காது, வரிசைதான் நிற்கும். தண்ணீர், டிபன், ஜெபம், எல்லோரும் சேர்ந்து ஒரு பாடம், பிறகு தனித்தனியாகக் கணக்கும் வாசிப்பும், சாப்பாடு. இதுதான் வரிசை. ஒரு நாள் எட்டுக்குத் தொடங்கும், ஒரு நாள் ஒன்பதரைக்குத் தொடங்கும். பரவாயில்லை. மதியத்துக்குப் பிறகு சின்னவர்களுக்குப் பாடமே வேண்டாம்.

ஜெபத்தைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளையைப் பசியோடு முக்கால் மணி நேரம் உட்கார வைத்தால் அவன் கற்றுக்கொள்வது ஜெபத்தை அல்ல, நெளிவதை. டிபனுக்குப் பிறகு ஒரு பாட்டு, ஒரு வேத பகுதி, சின்ன ஜெபம், பதினைந்து நிமிடத்தில் முடியுங்கள். நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத்துக்குச் சரியாக வரும். ஆனால் முழு அதிகாரம் வேண்டாம், ஏழெட்டு வசனம் போதும். நீண்ட குடும்ப ஜெபத்தை அப்பா வீட்டில் இருக்கும் இரவுக்கு வையுங்கள். இன்னொன்று, வேதாகமத் தமிழை மட்டுமே படித்து வளரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். 'கிருபை', 'சஞ்சலம்' எல்லாம் பிழையில்லாமல் எழுதுவார்கள். மின்வாரியத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதச் சொன்னால் முழிப்பார்கள். வீட்டில் ஒரு செய்தித்தாளும் வரட்டும்.

பிரசங்கங்களில் சூசன்னா வெஸ்லியின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் வாழ்ந்தவர். 19 பிள்ளைகளைப் பெற்று, பிழைத்த பத்துப் பேருக்கும் வீட்டிலேயே பாடம் நடத்தியவர். வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை! ஆகவே அவரோடு உங்களை ஒப்பிட்டு அழ வேண்டாம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. 1709இல் வீடு தீப்பிடித்து எரிந்தபோது பிள்ளைகளை வேறு வேறு வீடுகளில் விட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கெட்ட பழக்கமும் கொச்சைப் பேச்சும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போது அவர் பிள்ளைகளை ஜோடி சேர்த்தார். மூத்தது பேசத் தெரிந்த கடைக்குட்டியோடு, இரண்டாவது அதற்கு முந்தியதோடு உட்கார்ந்து சங்கீதமும் ஓர் அதிகாரமும் வாசிக்க வேண்டும். உங்கள் வீட்டில் 11 வயதுக்காரர் 7 வயதுப் பிள்ளைக்கும், 9 வயது 4 வயதுக்கும் தினம் இருபது நிமிடம் வாசித்துக் காட்டலாம். மூத்தவளை இதில் சேர்க்காதீர்கள், அவள் ஏற்கெனவே போதுமான அளவு செய்துவிட்டாள்.

இரண்டாவது, வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச அவர் ஒதுக்கியிருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகும் அந்த வியாழக்கிழமை நேரத்தை நினைவுபடுத்தி அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒரே ஒரு பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள், அது போதும்.

சரி, பாடம். ஐந்து பேருக்கு ஐந்து வகுப்பு நடத்தினால் நீங்கள் படுத்துவிடுவீர்கள். கணக்கையும் வாசிப்பையும் தவிர மற்ற எல்லாம் ஒரே பாடமாக இருக்கலாம். உதாரணத்துக்குத் தேவனாம்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர் பீச்சுக்குப் போகும்போது புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தையும் காட்டுங்கள். 1690இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கினார்கள். எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இதைக் கேட்ட 7 வயதுப் பிள்ளை பீரங்கி வரையும், 9 வயது ஐந்து வரி எழுதும், 11 வயது கெடிலம் ஆற்றையும் கோட்டையையும் வரைபடத்தில் குறிக்கும். சென்னையை 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த பிறகு 1752வரை ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுக்காரர் இதையும் பிடித்து இடித்தார்கள். அது ஏன் என்று மூத்தவள் தேடிப் படிக்கட்டும். ஒரு வாரத்துக்கு இது போதும்.

முதுநகரில் இருந்துகொண்டு மீனை விடலாமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மொத்தம் எத்தனை நாள் என்று 9 வயதுப் பிள்ளை எண்ணட்டும் (61 வர வேண்டும்). அந்த மாதங்களில் ஏன் தடை, சங்கரா விலை ஏன் ஏறுகிறது, இதற்குள் அறிவியலும் வியாபாரமும் வந்துவிடும். மாவு அரைப்பதை 11 வயதுக்காரரிடம் கொடுங்கள், பையனாக இருந்தாலும். நாலுக்கு ஒன்று என்பது விகிதக் கணக்குதானே.

தனியாகச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் முதல் உரிமை 7 வயதுக்கு. இந்த வயதில் வாசிப்பு தடுமாறினால் பின்னால் எல்லாப் பாடமும் தடுமாறும். தினம் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலக் கல்வியாளரும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அளவுதான் சொன்னார். படித்ததைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்தியது. 4 வயதுக்குப் பாடம் எதுவும் வேண்டாம், ஒரு டப்பா புளியங்கொட்டை போதும். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டாலரில் விற்கும் பாடத்திட்டப் பெட்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.

பள்ளியை விட்டவர்கள் பலரும் மறந்துபோகும் ஒன்று உண்டு. பள்ளியில் பாடம் மட்டும் நடப்பதில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் டிடி என்ற டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி உண்டு. வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. உங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வீடு தேடி வராது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் நீங்களே போய்க் கேளுங்கள், மூத்தவளுக்கு அந்த இரும்புச்சத்து மாத்திரை அங்கன்வாடி வழியாகக் கிடைக்கும். கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. போகும்போது 11 வயதுக்கு டிடி போட்டாயிற்றா என்றும் பார்த்துவிடுங்கள். கண் பரிசோதனை எல்லோருக்கும். 'படிக்கவே மாட்டேன் என்கிறான்' என்று என்னிடம் வந்த ஒரு பையனுக்குக் கடைசியில் தேவைப்பட்டது கண்ணாடிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அத்தைக்காகவாவது தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பொருந்தும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டில் படிக்க வைப்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க யாராவது வந்தால் சண்டை போடாமல் நோட்டுப் புத்தகங்களைக் காட்டுங்கள், தேதி போட்டு எழுத வைத்திருந்தால் இன்னும் நல்லது. சின்னவர்களில் யாரையாவது திரும்பப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, அதற்கேற்ற புத்தகத்தில் படிக்க வையுங்கள். பள்ளிக்கே அனுப்பினால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ஆறில் இரண்டு பேர் பள்ளியிலும் நான்கு பேர் வீட்டிலும் படிப்பது நன்றாகவே நடந்த குடும்பங்கள் உண்டு.

பத்தாவதுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ், நேரான வழி. 14 வயது முடிந்திருக்க வேண்டும். எட்டாவது சான்றிதழ் இல்லையென்றாலும் பத்தாவது படிக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்ற சுய உறுதிமொழியோடு சேரலாம். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பொதுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒன்பது வாய்ப்பு உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. முதல் தடவை இரண்டு பாடம் எழுதட்டும். புயல் மழைக் காலத்தில் வரும் அக்டோபர் தேர்வைவிட, தானே புயலையும் ஃபெஞ்சல் வெள்ளத்தையும் பார்த்த ஊருக்கு ஏப்ரல் தேர்வே நிம்மதி. எழுதி அனுப்பும் பயிற்சித் தாள்களுக்கும் மதிப்பெண் உண்டு, அதைச் சும்மா விடாதீர்கள்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது 'சுலபமானது' என்று கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட வேண்டாம். நாளை அவள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டால் பதினொன்றாவது வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். தமிழை ஒரு மொழியாக எடுங்கள். பதினொன்றாவதைப் பள்ளியில் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பள்ளியில் இப்போதே போய்ப் பேசிவிடுங்கள்.

அத்தையிடம் பாப்பாவைக் காலையில் இரண்டு மணி நேரம் கேளுங்கள். உதவி என்று கேட்காதீர்கள், 'மூத்தவள் பத்தாவது எழுதப் போகிறாள், அத்தை' என்று சொல்லிக் கேளுங்கள். மாலையில் 7 வயதுப் பிள்ளை அன்று படித்ததை அவரிடம் போய்ச் சொல்லட்டும்.

என்ஐஓஎஸ் பதிவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நம் வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழை இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே வாங்குங்கள். அதையும் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இனிஷியல் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஆதாரை முதலில் திருத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.