இரும்புச்சத்தை நாளத்தில் ஏற்றலாமா?

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. ஈமோகுளோபின் 8.2 ஆக உள்ளது. இரும்புக் குளிசை குடித்தால் வாந்தி எடுக்கிறாள். கிளினிக்கில் இரும்புச்சத்தை நாளத்தினூடாக ஏற்றலாம் என்கிறார்கள். எங்கள் தோட்ட லயத்திலுள்ளவர்களோ, அது பிள்ளைக்குக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு மாமியார், ஹட்டன்

பதில்: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில்தான் இச்சிகிச்சையைத் தவிர்ப்பார்கள்; அக்கட்டத்தைத் தாண்டிய, குளிசை ஒத்துக்கொள்ளாத, பிரசவமும் நெருங்கிவரும் உங்கள் மருமகளைப் போன்றவர்களுக்கு இது உலகெங்கும் வழக்கத்திலுள்ள முறையே. இது குருதி ஏற்றுவதும் அன்று. குறைபாடு இரும்பினுடையதுதான், தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) அன்று என்பதை உறுதிப்படுத்தினார்களா என்று மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள்.

நாளத்தில் ஏற்றும் இரும்பு மருந்துகளில், அயன் சுக்ரோஸ் என்றால் வழக்கமாக ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் வீதம் பலமுறை போகவேண்டியிருக்கும்; பெரிக் கார்பொக்சிமோல்ட்டோஸ் என்றால் 1000 மில்லிகிராம் வரை கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம் என்பதால், தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு இரண்டாவது வசதியானது. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆயினும் ஆஸ்துமா, முந்தைய ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும், ஏற்றியபின் குறைந்தது 30 நிமிடம் அங்கேயே இருக்கவேண்டும். ஊசி குத்திய இடம் வலித்தால் உடனே தாதியிடம் கூறட்டும்; மருந்து வெளியே கசிந்தால் தோலில் நீங்காத கறை விழக்கூடும்.

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதை (நம் மலையகத்தில் இது கடினம்தான்) ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதை அது தடுக்கிறது.