ஓ.கே. கொரால் சண்டை: படமும் நிஜமும் – கேள்வி பதில்

ஜான் ஃபோர்டு 1946-இல் எடுத்த 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தையும், அதன் பின்னால் இருக்கும், 1881-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்து ஓ.கே. கொரால் (கொரால் என்றால் குதிரைகளை அடைக்கும் பட்டி) பெயரால் அறியப்படும் துப்பாக்கிச் சண்டையையும் பற்றி வந்த கேள்விகள் இவை. படத்தின் முடிவு பதில்களில் வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: படத்தில் வருவதில் எவ்வளவு உண்மை சார்?

ஊர் உண்மை, ஆட்களின் பெயர்கள் உண்மை, சண்டை நடந்ததும் உண்மை. மற்றது பெரும்பாலும் கற்பனை. படத்தில் ஏர்ப் சகோதரர்கள் மாடு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கடைக்குட்டி ஜேம்ஸைக் கொன்றுவிட்டு மாடுகளைக் கிளான்டன் கும்பல் ஓட்டிப் போகிறது. அதற்குப் பழிவாங்க வயட் ஏர்ப் மார்ஷல், அதாவது ஊர்க் காவல் அதிகாரி ஆகிறார். நிஜத்தில் ஜேம்ஸ் வயட்டுக்கு அண்ணன், 1926 வரை உயிரோடு இருந்தவர். சகோதரர்கள் டூம்ஸ்டோனுக்கு வந்தது, வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்த ஊரில் நாலு காசு பார்க்கலாம் என்றுதான். வில்லனாக வரும் கிழவர் கிளான்டன் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே மெக்சிகோ எல்லைப் பக்கம் சுடப்பட்டு இறந்துவிட்டார். வயட்டின் நண்பர் டாக் ஹாலிடே படத்தில் அறுவை சிகிச்சை செய்கிறார், சண்டையில் சாகிறார். உண்மையான ஹாலிடே பல் டாக்டர். 1887-இல் கொலராடோவில், 36 வயதில், காசநோயால் இறந்தார். படத்தின் நாயகி கிளமென்டைன் என்று யாரும் இருந்ததில்லை.

கேள்வி: அப்படியானால் சண்டை எதற்கு வந்தது? பழிவாங்கல் இல்லையா?

அந்தச் சண்டை பழிவாங்கல் இல்லை. டூம்ஸ்டோன் ஊருக்குள் ஆயுதம் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது என்று 1881 ஏப்ரலில் நகர நிர்வாகம் ஒரு விதி போட்டிருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர் துப்பாக்கியை லாயத்திலோ மதுக்கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அக்டோபர் 26 மதியம், கிளான்டன்களும் அவர்களுடைய கூட்டாளிகளான மெக்லாரி சகோதரர்களும் துப்பாக்கியோடு தெருவில் நிற்கிறார்கள் என்று தகவல் வருகிறது. ஊர் மார்ஷலான வெர்ஜில் ஏர்ப், தம்பிகள் வயட், மார்கன் இருவரையும் ஹாலிடேயையும் கூட்டிக்கொண்டு அவற்றைப் பறிக்கப் போகிறார். சட்டப்படி பார்த்தால் விவகாரம் இவ்வளவுதான்.

அதற்குக் கீழே புகைச்சல் இருந்தது, மறுக்கவில்லை. அந்த மார்ச்சில் ஒரு கோச்சு வண்டியைக் கொள்ளையடிக்க முயன்ற கும்பல் அதன் ஓட்டுநரைச் சுட்டுக் கொன்றது. கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்தால் பரிசுப் பணம் முழுவதும் உனக்கே என்று கிழவர் கிளான்டனின் மகன் ஐக் கிளான்டனிடம் வயட் ரகசியமாகப் பேரம் பேசினார். ஷெரீப் தேர்தலில் நிற்க வயட்டுக்கு அந்தப் பேர் தேவைப்பட்டது. பேரம் நடக்கவில்லை, ஆனால் விஷயம் கசிந்துவிட்டதோ என்று ஐக்குக்குப் பயம். தன் ஆட்களுக்குத் தெரிந்தால் அவர் கதி அதோகதி. சண்டைக்கு முந்தின இரவு முழுக்க அவர் குடித்துவிட்டு ஏர்ப்களையும் ஹாலிடேயையும் திட்டிக்கொண்டு திரிந்தது இதனால்தான்.

கேள்வி: சண்டை மொத்தமே 30 வினாடிதானாமே? கொராலுக்குள் நடக்கவும் இல்லையாமே?

இரண்டும் சரி. ஏறத்தாழ 30 வினாடி, ஏறத்தாழ 30 குண்டுகள். நடந்தது ஃபிரீமான்ட் தெருவில், ஃப்ளை என்பவரின் போட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய குறுகலான காலி இடத்தில். கொராலின் பின்வாசல் சில கட்டடங்கள் தள்ளி இருந்தது. பில்லி கிளான்டன், டாம் மெக்லாரி, ஃபிராங்க் மெக்லாரி மூவரும் இறந்தார்கள். ஆரம்பித்து வைத்த ஐக் கிளான்டன் ஓடிவிட்டார்! வயட் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

கேள்வி: லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவன் நான். ஷெரீப், மார்ஷல் குழப்பம் இன்றுவரை தீரவில்லை அண்ணா.

ஊருக்கு மார்ஷல், கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஷெரீப், அமெரிக்க மத்திய அரசுக்கு யு.எஸ். மார்ஷல். நம் கதையில் ஊர் மார்ஷல் வெர்ஜில், கோச்சிஸ் கவுன்டி ஷெரீப் ஜானி பீஹன். ஷெரீப்தான் வரியும் வசூலிப்பார், அதில் அவருக்குப் பங்கு உண்டு. பதவிக்கு அடித்துக்கொண்டதன் காரணம் புரிகிறதா தம்பி? ஏர்ப்கள் குடியரசுக் கட்சிப் பக்கம், பீஹன் ஜனநாயகக் கட்சி. பண்ணைக்காரர்களுக்கு வேண்டியவர். இந்த மூன்று அதிகாரமும் மோதிக்கொண்டது பின்னால் வருகிறது.

கேள்வி: மூன்று பேர் செத்திருக்கிறார்கள். கேஸ் கிடையாதா?

உண்டு. ஐக் கிளான்டன் கொலைப் புகார் கொடுத்தார். நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் ஒரு மாதம் சாட்சிகளை விசாரித்தார். கையைத் தூக்கியவர்களைச் சுட்டார்கள் என்று பீஹன் தரப்பு, அவர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள் என்று ஏர்ப் தரப்பு. நவம்பர் 30-இல் வந்த முடிவு எனக்குப் பிடித்தமானது. ஏற்கெனவே பகை இருந்த வயட்டையும் ஹாலிடேயையும் துணைக்கு அழைத்தது வெர்ஜில் செய்த விவேகமில்லாத காரியம், ஆனால் குற்றம் இல்லை என்றார் ஸ்பைசர். குட்டும் வைத்தார், விட்டும்விட்டார். இந்த விசாரணையை மட்டும் வைத்து ஒரு நல்ல கோர்ட் படம் எடுக்கலாம்.

கேள்வி: வயட் ஏர்ப் பழிவாங்கினார் என்று படித்தேனே? அது எப்போது?

படங்கள் சண்டையைக் கிளைமாக்ஸாக வைப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையான பழிவாங்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1881 டிசம்பர் 28 இரவு வெர்ஜிலை மறைந்திருந்து சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் இடது கை செயலிழந்துபோனது. இந்த வழக்கில் ஐக் மாட்டினார். அவர் அப்போது வேறு ஊரில் இருந்தார் என்று கூட்டாளிகள் சாட்சி சொல்ல, வெளியே வந்துவிட்டார். 1882 மார்ச் 18 இரவு, பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த மார்கனைக் கதவுக் கண்ணாடி வழியாக முதுகில் சுட்டுக் கொன்றார்கள். வயட் பக்கத்தில்தான் இருந்தார்.

அதற்குமேல் வயட் கோர்ட்டை நம்பவில்லை. வெர்ஜிலை ரயில் ஏற்றிவிட டூசான் போனவர், மார்கன் கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஃபிராங்க் ஸ்டில்வெல்லை மார்ச் 20 இரவு தண்டவாளத்தருகே தன் ஆட்களோடு சேர்ந்து சுட்டுத் தள்ளினார். அடுத்த நாலு நாளில் எதிர்த்தரப்பு ஆட்களான ஃப்ளோரன்டினோ குரூஸும் கர்லி பில்லும் அதே போல் செத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வெர்ஜில் சுடப்பட்ட பிறகு வயட்டுக்கு டெபுடி யு.எஸ். மார்ஷல் நியமனம் கிடைத்திருந்தது. அதாவது மத்திய அரசின் பேட்ஜோடுதான் இந்த வேட்டை. அதே நேரம் ஸ்டில்வெல் கொலைக்கு அவர் பேரில் பிடிவாரன்ட்! ஷெரீப் பீஹன் அவரைப் பிடிக்க ஒரு படை திரட்டினார், அதில் ஜானி ரிங்கோ போன்ற கௌபாய் கும்பல் ஆட்களும் உண்டு. ஒரு சட்டப் படையை இன்னொரு சட்டப் படை துரத்துகிறது. எது போலீஸ், எது கொள்ளைக் கும்பல் என்பது நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசியில் வயட் கொலராடோவுக்குப் போய்விட்டார். ஹாலிடேயை ஒப்படைக்க அந்த மாநில ஆளுநர் மறுத்துவிட்டார்.

கேள்வி: இதை எந்தப் படம் நேராகச் சொல்கிறது?

ஜான் ஸ்டர்ஜஸின் 'ஹவர் ஆஃப் தி கன்' (1967). சண்டையில் தொடங்கி, பேட்ஜை வைத்துக்கொண்டே ஒருவன் கொலைகாரனாக மாறுவதைச் சொல்கிறது. வயட்டாக வரும் ஜேம்ஸ் கார்னர் சிரிக்கவே மாட்டார். ஆனால் இப்படித்தான் நடந்தது என்று முதல் காட்சியிலேயே எழுத்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஐக் கிளான்டனை மெக்சிகோவில் வயட் கையால் சாகடிக்கிறார்கள். நிஜத்தில் ஐக்கை 1887-இல் ஒரு துப்பறிவாளர் சுட்டுக் கொன்றார். 1993-இல் வந்த 'டூம்ஸ்டோன்' படமும் பழிவாங்கலைக் காட்டுகிறது, ஆனால் கைதட்டல் வாங்கும் விதமாக. வால் கில்மரின் ஹாலிடேவுக்காகத் தாராளமாகப் பார்க்கலாம்.

கேள்வி: இவ்வளவு பொய் இருந்தால் 'கிளமென்டைன்' எதற்குப் பார்க்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்காக. தேவாலயத்துக்கு அப்போது வெறும் மரச்சட்டம்தான் நிற்கிறது, கூரைகூட இல்லை. முடிவெட்டுகிறவர் அடித்துவிட்ட வாசனையோடு, வயட்டாக வரும் ஹென்றி ஃபோண்டா, கூச்சத்தோடு தொப்பியைக் கழற்றிவிட்டு ஆட வருகிறார். காட்டு ஊர் ஒன்று நாகரிகமாக மாறுவதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார் ஃபோர்டு. நாற்காலியைப் பின்னால் சாய்த்து, தூணில் காலை மாற்றி மாற்றி வைத்து ஃபோண்டா விளையாடும் இடமும் அப்படியே.

இன்னொன்று. படத்தில் வயட் மார்ஷல் வேலையை முதலில் வேண்டாம் என்கிறார், தம்பியின் பிணத்தைப் பார்த்த பிறகே வாங்கிக்கொள்கிறார். பழிவாங்கத்தான் பேட்ஜ். 1882-இல் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே? ஆனால் ஃபோர்டின் படத்தில் அந்தப் பழி உறுத்தவே உறுத்தாது. மகன்களை இழந்த கிழவரை வயட் உயிரோடு போகச் சொல்கிறார், கிழவரே துப்பாக்கியை எடுக்கப்போய்ச் சுடப்பட்டுச் சாகிறார். நாயகன் கை சுத்தம். எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் படத்தோடு சண்டை.

கேள்வி: பின்னணியில் வரும் பெரிய பெரிய பாறைகள் டூம்ஸ்டோனில் இருக்கின்றனவா?

இல்லை. அது அரிசோனா, யூட்டா எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் வேலி. டூம்ஸ்டோன் இருப்பது அரிசோனாவின் தெற்குக் கோடியில்.

கேள்வி: இரண்டு விதமான பிரதிகள் உண்டாமே, எதைப் பார்ப்பது?

தயாரிப்பாளர் டாரில் ஜானக் வெட்டி ஒட்டி வெளியிட்டது 97 நிமிடம். அதற்கு முந்தைய பிரதி 102 நிமிடம், பிற்பாடு கிடைத்தது. முடிவில் வயட் கிளமென்டைனுக்கு முத்தம் கொடுப்பது ஜானக் சேர்த்தது, பழைய பிரதியில் கைகுலுக்கல் மட்டும். முதல் முறை 97 நிமிடப் பிரதியையே பாருங்கள், அது ஓட்டமாக இருக்கும். பிடித்துப்போனால் மற்றதைத் தேடிக்கொள்ளலாம்.