மூக்கு பழகலாம், மூளை பழகாது: கரைப்பான் ஆவி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: தின்னர் ஊற்றி வேலையைத் தொடங்கினால் முதல் பத்து நிமிடம் நெடி தாங்காது, தலை கிறுகிறுக்கும். அப்புறம் ஒன்றும் தெரிவதில்லை. உடம்பு பழகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: பழகியது மூக்கு மட்டும்தான். ஒரே நெடி தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். காற்றிலுள்ள ஆவி குறைவதில்லை. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீன் கொழுப்பில் எளிதாகக் கரையும். மூளையும் நரம்பின் மேலுறையும் கொழுப்பு நிறைந்தவை. அதனால் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்த சற்று நேரத்திலேயே அது மூளையில் சேர்ந்துவிடும். அந்தக் கிறுகிறுப்பு மயக்க நிலையின் முதல் படி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1 மில்லி டொலுவீன் முழுதும் ஆவியானால் சுமார் 230 மில்லி ஆவி கிடைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள மூடிய அறையில் 27,000 லிட்டர் காற்று இருக்கும். அங்கே 100 மில்லி ஆவியானால் 23 லிட்டர் ஆவி, அதாவது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 850 பங்கு (பிபிஎம்). அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வேலை நேரச் சராசரிக்குப் பரிந்துரைக்கும் உச்சம் 100 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அது குறிக்கும் அளவு 500. நனைத்த துணிகள் இரண்டு மூன்று மூலையில் கிடந்தாலே இந்தக் கணக்கு நிஜமாகிவிடும்.

கேள்வி: என்-95 மாஸ்க் போதுமா?

பதில்: போதாது. அது தூசியையும் நீர்த்திவலையையும் பிடிக்கும். ஆவி நேராக உள்ளே போகும். கரிம ஆவிக்கான, கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். ஸ்ப்ரே அடித்தால் அதன்மேல் தூசி வடிகட்டியும் வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது, எவ்வளவு நல்ல முகமூடியும் வீண். நெடி வந்தபின் கார்ட்ரிட்ஜை மாற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன மூக்குதானே அதையும் சொல்ல வேண்டும்? பயன்படுத்திய மணிக்கணக்கை எழுதி வைத்து மாற்றுங்கள்.

கேள்வி: பசை தடவும் வேலை, நான்கு வருடமாக. சில மாதங்களாகக் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. செருப்பு காலை விட்டுக் கழன்றாலும் தெரிவதில்லை. சர்க்கரை நோய் இல்லை.

பதில்: பசை டப்பாவின் பாதுகாப்புத் தரவுத் தாளை வாங்கி, 3ஆம் பிரிவைப் பாருங்கள். வேதிப்பொருளின் பெயர்கள் பலவிதமாக இருக்கும், அதற்குரிய அடையாள எண் (CAS எண்) மாறாது. 110-54-3 என்று இருந்தால் அது என்-ஹெக்சேன். கல்லீரல் இதை 2,5-ஹெக்சேன்டையோனாக மாற்றுகிறது. அது நரம்பிழைக்குள் இருக்கும் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இழையை ஆங்காங்கே வீங்கச் செய்கிறது. மிக நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும். ஆகவே கால்விரலில் தொடங்கி மேலேறும், பிறகு கைவிரல். பசையில் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற இன்னொரு கரைப்பானும் இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும்.

வேலையிலிருந்து இப்போதே விலகி நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்புக் கடத்தல் சோதனையும் பி12 அளவும் பார்க்கச் சொல்வார். மறக்காமல் தரவுத் தாளைக் காட்டுங்கள். வேலை என்ன என்று கேட்காவிட்டால் காரணம் பிடிபடாது. விலகிய பிறகும் சில வாரங்கள் மரத்துப்போதல் அதிகமாகலாம். அதைப் பார்த்து "பசை காரணமில்லை" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. நரம்பு மீள மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி: பெயின்ட் உரிக்கும் திரவம் பயன்படுத்திய அன்று கடும் தலைவலி. ஆக்சிமீட்டரில் 98 காட்டியது. பயப்பட வேண்டாம்தானே?

பதில்: திரவத்தில் டைகுளோரோமீத்தேன் (75-09-2) இருந்ததா என்று பாருங்கள். உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றும். வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் உருவாகிக்கொண்டிருக்கும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே எண்ணிக்கொள்ளும். ரத்தத்தில் அந்த கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினை (கார்பாக்சிஹீமோகுளோபின்) அளந்தால்தான் உண்மை தெரியும். இதய நோயாளிகள் இந்தத் திரவத்தின் பக்கமே போகக் கூடாது. நைட்ரைல் கையுறையை இது சில நிமிடங்களில் ஊடுருவும். கரி கார்ட்ரிட்ஜும் இதற்கு ஆகாது, வெளிக்காற்று செலுத்தும் முகமூடிதான்.

கேள்வி: ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் கவலை இல்லையா?

பதில்: எந்தக் கரைப்பானுக்கு எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தப் புற்று வரை கொண்டுபோகும்; அதற்கு முழு ரத்த அணு எண்ணிக்கையைக் காலமுறைப்படி ஒப்பிட வேண்டும். டொலுவீனுக்கு, அது உடலில் மாறி உருவாகும் ஹிப்யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் பார்ப்பார்கள், ஆனால் கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட் சேர்த்த பானம் குடித்தாலும் அது ஏறும்.

கேள்வி: தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கிவிட்டால்?

பதில்: பின்னால் இறங்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். அவசர உதவியை அழையுங்கள், காற்றை உள்ளே செலுத்துங்கள், இடுப்புக் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுங்கள். வெளியே வந்ததும் நனைந்த உடையைக் கழற்றி, தோலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மூச்சு இல்லையென்றால் உயிர்காப்பு முதலுதவி. மூச்சு திரும்பியவரை ஓட, நடக்க விடாதீர்கள்: சில கரைப்பான்கள் இதயத்தை அட்ரினலினுக்குக் கூருணர்வாக்கிவிடும், பதற்றத்திலேயே துடிப்பு தாறுமாறாகலாம்.

கேள்வி: கூரையருகே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. போதுமா?

பதில்: டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. திறந்த டப்பாவிலிருந்து கீழே வழிந்துவிட்டு, கூரைக்குப் போகும் வழியில் உங்கள் முகத்தைக் கடக்கும். உறிஞ்சும் வாயை வேலை மேசையின் மட்டத்தில், உங்களுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். புதுக்காற்று முதுகுப்புறமிருந்து வரட்டும். மோட்டார் பொறி தெறிக்காத வகையாக இருக்க வேண்டும், டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும். டப்பாவை மூடி வையுங்கள், நனைந்த துணியை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள். பாதி ஆவி அங்கேயே அடங்கிவிடும்.