அப்டேட்டா, அவுட்டேட்டடா?

கே: 'அப் டு டேட்' என்று எழுதும்போது நடுவில் கோடு போட வேண்டுமா? அலுவலகத்தில் ஒருவர் போடு என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார்.

ப: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், இடம்தான் வேறு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கோடு உண்டு: 'ஆன் அப்-டு-டேட் லிஸ்ட்'. பின்னால் தனியாக நின்றால் வேண்டாம்: 'தி லிஸ்ட் இஸ் அப் டு டேட்'. பேரேட்டில் இன்றைய தேதி வரை வரவு செலவை ஏற்றி முடிப்பதிலிருந்துதான் இந்தத் தொடர் வந்திருக்க வேண்டும் என்பார்கள். நம் 'நாளது தேதி வரை'யும் அதே ஜாதிதான்.

கே: அவுட் ஆஃப் டேட், அவுட்டேட்டட், ஆப்சலீட், ஓல்ட் ஃபேஷன் எல்லாம் ஒன்றுதானே? எதைப் போட்டால் என்ன?

ப: எல்லாமே 'பழசு' என்ற மூட்டைக்குள் அடங்கும், ஆனால் மாற்றிப் போட்டால் சில சமயம் வம்பு. பாஸ்போர்ட், மாத்திரை, வரைபடம் இவற்றுக்குக் கெடு முடிந்துவிட்டாலோ தகவல் மாறிவிட்டாலோ 'அவுட் ஆஃப் டேட்', நம் 'காலாவதி' இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். கருத்து, சட்டம், வேலை செய்யும் முறை இவை இன்னும் நடைமுறையில் இருந்தும் இந்தக் காலத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் 'அவுட்டேட்டட்', அரதப்பழசு என்கிறோமே அதுதான். 'ஆப்சலீட்' இன்னும் ஒரு படி மேலே: வேறொன்று வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதால் புழக்கமே போய்விட்டது. ஃப்ளாப்பி டிஸ்க் நல்ல உதாரணம், சோனி ஜப்பானில் அதன் விற்பனையை 2011இல் நிறுத்தியது, இன்றைக்கும் உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒன்று பழுதில்லாமலே இருக்கலாம், ஆனாலும் அது ஆப்சலீட்தான்.

அப்புறம், 'ஓல்ட் ஃபேஷன்' இல்லை, 'ஓல்ட்-ஃபேஷன்ட்'. கடைசி 'ட்'டை விழுங்கிவிடாதீர்கள். இந்தக் கூட்டத்தில் இது ஒன்றுதான் பாராட்டாகவும் வரும்: 'ஓல்ட்-ஃபேஷன்ட் கர்ட்டசி' என்றால் அந்தக் காலத்து மரியாதை, கேட்பவர் மகிழ்வார். அதே மனிதரை 'அவுட்டேட்டட்' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு வாரம் பேச மாட்டார்.

கே: 'அப்டேஷன்' சரியா?

ப: வேண்டாம். 'அப்டேட்' என்பதே பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் நிற்கும், அதற்கு எதற்கு வால்? 'டில் டேட்'டும் பெரும்பாலும் நம்மவர் கைவண்ணம்தான். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும்போது 'டு டேட்' என்று போடுங்கள்.

கே: பிடித்த எழுத்தாளரின் 'லாஸ்ட் நாவல்' படித்தேன் என்றேன், நண்பர் பதறிப்போய் "அவர் போய்விட்டாரா?" என்று கேட்டார். என் தவறு என்ன?

ப: 'லாஸ்ட்' என்றால் முந்தையது என்றும் பொருள்படும், அதற்குமேல் இல்லை என்றும் பொருள்படும். நண்பர் இரண்டாவதை எடுத்துக்கொண்டுவிட்டார். புதிதாக வந்தது என்றால் 'லேட்டஸ்ட்' போதும். ஆனால் அதைச் சுருக்கி 'லேட்' என்று எழுத்தாளர் பெயருக்கு முன்னால் போட்டுவிடாதீர்கள், அப்போது நிஜமாகவே அவருக்கு இரங்கல் செய்தி எழுதியதாகிவிடும்.